விழுத்தினவர் தூக்கவேணும்

என் காலை முறித்தவர் அவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போல இருக்கும்.

பேர் எழுதவில்லை. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கூலி என்றார்கள். முகத்துக்கு நேரே கூலி அண்ணை. எங்கள் பக்கத்தில் உதைபந்தடிக்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர். அந்தக் காலத்தில் ஊருக்காகத்தான் அடிப்பார்கள். வென்றால் ஆட்டிறைச்சிக் கறி, தோற்றால் தகப்பனிடம் அடி. இவர் கொழும்பில் ஒரு நூல் ஆலையின் அணிக்கு மாதச் சம்பளத்தில் போனார். ஊருக்கு அது பிடிக்கவில்லை. கூலி என்று பேர் வைத்தது. அவர் பாரிசுக்கு வந்தபோது அந்தப் பேரும் கூடவே வந்தது. அதற்கு ஒருவரும் விசா கேட்கவில்லை.

இந்த வருடம் சுற்றுப்போட்டிக் குழு அவர் பேரில் ஒரு கோப்பை வைக்கத் தீர்மானித்தது. பந்தடிகாரர், போரில் செத்தவர். இரண்டும் ஒரே ஆளில் கிடைப்பது லேசில்லை. குழுவின் செயலாளர் நான் வேலை செய்கிற சமையலறைக்கே வந்தார்.

“அண்ணை, உங்களிட்டை அவரின்ரை படம் ஒண்டு இருக்காமே?”

“ஓம்.”

“தாங்கோவன், நோட்டீசுக்குப் போட.”

“அதிலை நானும் இருக்கிறன்.”

“அது பரவாயில்லை, வெட்டலாம்.”

நான் வெங்காயத்தை வெட்டினேன். படத்தைக் கொடுக்கவில்லை.

செயலாளருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கூலி அண்ணை எப்படிச் செத்தார் என்பது. அவருடைய மருமகளுக்கும், அதாவது தங்கச்சியின் மகளுக்கும், தெரியாது. அவள் இங்கேதான் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். என்னைக் காண்கிற நேரமெல்லாம் ஒரே கேள்வி. “அங்கிள், மாமா கடைசியிலை என்ன சொன்னவராம்?” தெரியாது என்று சொல்லுவேன். பல வருடமாகச் சொல்லி வந்தேன்.

அந்தப் படத்தில் அவர் மேலில் ஒன்றும் இல்லாமல் நடக்கிறார். முதுகில் நான். அவர் நெற்றியிலிருந்து இரத்தம் ஓடுகிறது. என் கை அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது. என் வலது கால் தொங்குகிற விதம் சரியில்லை.

பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் ஒரு மைதானம். ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டி. நான் ஏழாம் நம்பர், வலது கரை. அவர் எதிரணியின் பின்வரிசையில் நின்றார். அப்போதே நாற்பதுக்குக் கிட்ட, வயிறும் கொஞ்சம் வைத்திருந்தது. நான் இரண்டு தரம் அவரைத் தாண்டிப் போய் இரண்டு கோல் போட்டேன். இரண்டாவதுக்குப் பிறகு அவருக்கு முன்னால் நின்று இடுப்பை ஆட்டிக் காட்டினேன். அது என் பிழை.

கோட்டுக்கு வெளியே நின்று அவர்களுடைய மனேஜர் கத்தினார்.

“கூலி! உந்த ஏழாம் நம்பரைத் தூக்கடா! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?”

எங்கள் பந்தடியில் ஆளைத் தூக்கு என்றால் ஆளை விழுத்து என்று அர்த்தம். அடித்து வெளியே அனுப்பு. எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். நான் சிரித்தேன்.

மூன்றாம் தரம் போனேன். அவர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து கதவைப் பூட்டுகிற ஆளின் முகம். அவருடைய சப்பாத்து என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கோழிக் காலை முறிக்கிற சத்தம் சமையல்காரனுக்குத் தெரியும். அதே சத்தம்தான், பெரிதாகக் கேட்டது. எலும்பு காலுறைக்குள் கூடாரம் அடித்த மாதிரி எழும்பி நின்றது.

பந்து மற்றப் பக்கம் போய்விட்டது. எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். அவர் மட்டும் ஓடவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். தன் காலுறைக்குள் கட்டியிருந்த இரண்டு காப்பு மட்டைகளையும் கழற்றி என் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்தார். தன் சப்பாத்துக் கயிற்றால் கட்டினார். மேல்சட்டையைக் கழற்றி என் வாயில் திணித்தார்.

“இதைக் கடி. இல்லாட்டி நாக்கு அறும்.”

பிறகு என் கக்கத்துக்குள் கை கொடுத்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார். “இடுப்பிலை பிடிச்சால் ஆள் மடியும். கக்கத்துக்குள்ளை குடுக்கவேணும்.” முதுகில் ஏற்றிக்கொண்டு எழும்பினார்.

அதற்குள் என் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கி வந்து அவர் தலையில் போட்டான். கம்பு இரண்டாகப் போனது. இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். இன்னொருவன் முகத்தில் துப்பினான். அவர் என்னை இறக்கவில்லை.

“அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. ஆளை விழுத்திப்போடாதையுங்கோ.”

அடித்தார்கள். அவர் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு குலுங்கும், எனக்குக் கால் உயிர் போகும். அவர் இரத்தம் கழுத்தால் இறங்கி என் விரல்களுக்குள் வந்தது. சூடாக இருந்தது. வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரம்தான் யாரோ படம் எடுத்தார்கள்.

றோட்டுக்கு வந்ததும் துணியைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

“ஆஸ்பத்திரி வேண்டாம். என்னட்டை விசா இல்லை. பொலிஸ் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். ரெண்டு காலோடை பிடிபடு.”

ஆஸ்பத்திரியில் பொலிஸ் ஒன்றும் வரவில்லை. இரும்புத் தகடு வைத்துப் பூட்டினார்கள். இடுப்புவரை பிளாஸ்டர். நான் வாடகைக்குப் படுத்திருந்த அறையில் என் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலையும் போனது. ஆஸ்பத்திரியால் வெளியே வந்த அன்று அவர் வாசலில் நின்றார்.

“ஏறு.”

“நான் உங்களோடை வரமாட்டன்.”

“நான் விழுத்தினது. நான் தூக்கவேணும். ஏறு.”

அவருடைய அறை பிலிப்-து-ஜிரார் தெருவில், ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. கக்கூசு நாலாம் மாடியில், ஆறு அறைக்கு ஒன்று. விடிய வேலைக்குப் போக முன் என்னை முதுகில் ஏற்றிக் கொண்டுபோவார். கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்ப ஏற்றிக் கொண்டுவருவார். பின்னேரம் வந்து இன்னொரு தரம். மூன்றரை மாதம்.

நான் அவரை வெறுத்தேன். அவர் சமைத்ததைத் தின்றுகொண்டு வெறுத்தேன். ஒரு நாள் படியில் இறங்கும்போது முதுகில் இருந்தபடியே அவர் காதைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் வந்தது. அவர் ஒரு படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார்.

“இறக்கினாப் பிறகு அடி. படியிலை வேண்டாம், ரெண்டு பேரும் போவம்.”

இறக்கின பிறகு நான் அடிக்கவில்லை. அவர் காதில் மஞ்சள் தூள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவருடைய முதலாளி கேட்டாராம், யார் அந்தப் பெண் என்று. அதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

அன்று பின்னேரம் கேட்டேன்.

“ஏன் அண்ணை அடிச்சனீங்கள்?”

“தூக்கச் சொன்னவை.”

“தூக்கெண்டால் அடிக்கிறதுதானே. அடிச்சாச்சு. பிறகேன் சுமக்கிறியள்?”

“அடிக்கிறது பாதி வேலை.”

அதற்கு மேல் சொல்லமாட்டார். நூல் ஆலைக் கதையைச் சொன்னது பிளாஸ்டர் வெட்டின அன்று. அதுவும் அரிசி களைந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சம்பளத்துக்குப் போன முதல் வருடம். மழை பெய்த மைதானம். எதிரணியில் வேகமான ஒருவன். தூக்கு என்றார்கள். தூக்கினார். அவன் சேற்றில் விழுந்தான். பந்து இவர்களுடைய காலுக்கு வந்தது, மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கோல் போட்டார்கள்.

“கட்டிப்பிடிச்சு ஆடினம். அவன் அங்காலை குப்புறக் கிடந்தவன். நாக்கு உள்ளுக்குப் போயிட்டுது, வாயிலை சேறு. ஒருத்தரும் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. பிறகு போய்ப் பிரட்டினால் முகம் நீலம்.”

அரிசியைக் களைந்து முடித்தார்.

“அந்த மாதச் சம்பளம் முழுசா வந்தது” என்றார்.

அதோடு விட்டார். நானும் விட்டேன். ஆனால் அவரோடு வைத்திருந்த கோபம் அன்றைக்கு எங்கேயோ போய்விட்டது. காலில் மட்டும் மிச்சம் இருக்கிறது. குளிர் காலத்தில் வரும்.

பிறகு நான் நடந்தேன். அவர் வேலை செய்த உணவகத்திலேயே எனக்கும் கோப்பை கழுவ இடம் எடுத்துத் தந்தார். லா சப்பலில் அப்போது வாள் வெட்டுக் காலம். இரண்டு கோஷ்டி. பட்டப்பகலில், மரக்கறிக் கடைக்கு முன்னால், சனம் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது வெட்டுவார்கள். ஒரு கோஷ்டியின் ஆள் எங்கள் உணவகத்துக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். நான் பக்கத்தில் மேசை துடைத்தேன்.

“கூலி அண்ணை, ஒருத்தனைத் தூக்கவேணும். நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள்.”

அவர் கேட்டார். “பிறகு ஆர் தூக்கிறது?”

“விளங்கேல்லை அண்ணை.”

“விழுத்தினாப் பிறகு ஆர் தூக்கிக்கொண்டு போறது? அதுக்கும் ஆள் வைச்சிருக்கிறியளோ?”

அவன் என்னைப் பார்த்தான். இந்தாளுக்கு என்ன என்கிற மாதிரிக் கண்ணைக் காட்டினான். “உதைபட்டு உதைபட்டு மண்டை கலங்கிப்போச்சு” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான்.

நாலு நாள் போனது. வெளியே சத்தம். பார்த்தால் ஒருவன் எங்கள் கண்ணாடியில் சாய்ந்தபடி கீழே வழுகுகிறான். கண்ணாடியில் கை அடையாளம் சிவப்பாக மேலிருந்து கீழே வந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கியது. வெட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். சனமும் ஓடிவிட்டது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்தார்கள். அவர் ஏப்ரனோடு வெளியே போனார். மேசைத் துணியால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். கக்கத்துக்குள் கை கொடுத்தார். முதுகில் போட்டார். மருந்துக் கடைவரை நடந்தார். அந்த ஆள் பிழைத்தான். கை பிழைக்கவில்லை.

நான் கேட்டேன். “இவனை நீங்கள் விழுத்தேல்லையே?”

“வெட்டப் போறாங்கள் எண்டு தெரியும். ஆரெண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.” சோப்புப் போட்டு நகத்துக்குள் இருந்த இரத்தத்தை எடுத்தார். “பாதி என்ரை.”

அந்தப் பேச்சு எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய கணக்கில் எல்லாவற்றிலும் பாதி அவருடையது.

சமாதானக் காலத்தில் தங்கச்சியைப் பார்க்க வன்னிக்குப் போனார். ஒரு மாத லீவு. தங்கச்சிக்குச் சுகமில்லை, அதனால் நாள் நீண்டது. பிறகு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியது. ஒரு தரம் எனக்கு ஃபோன் எடுத்தார். “என்ரை வேலையை ஆருக்கும் குடுக்கச் சொல்லு” என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மிச்சத்தை மருமகள் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினெட்டு. வீட்டுக்கு ஒரு ஆள் சண்டைக்கு வரவேண்டும் என்று அவளைக் கொண்டுபோக இயக்கத்திலிருந்து வந்தார்கள். தாய் காலில் விழுந்தாள். இவர் வாசலில் குறுக்கே நின்றார்.

“பிள்ளையை விடுங்கோ. ஆள் மாத்துவம். நான் இறங்கிறன்.”

வந்தவர்கள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கொண்டுபோனார்கள். அவள் வாசல் படலையில் நின்று பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை உறுத்துகிறது. “என்னாலைதானே போனவர். கடைசியிலை என்னைத் திட்டித்தான் செத்திருப்பார், என்ன அங்கிள்?”

தெரியாது என்றேன். அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

பாரிசுக்குப் பக்கத்தில் வில்லியே லே பெல்லில் ஒரு மன்னார்க்காரர் இருக்கிறார். சண்டையில் கூலி அண்ணைக்குப் பக்கத்துப் பங்கரில் இருந்தவர். அவர்தான் சொன்னார். வெளியே விடாதே என்று சத்தியமும் வாங்கினார்.

விடியப்புறம் ஆமி மண் அணையில் ஏறியது. கூலி அண்ணை நன்றாகச் சுட்டார். அதையும் வேலை மாதிரித்தான் செய்தார், சத்தம் இல்லை, வசனம் இல்லை. அணைக்கு மேல் வந்த ஒருவனுக்குத் தொடையில் பட்டது. அவன் இவர்கள் பக்கமாக உருண்டு வந்து பத்து மீட்டர் தள்ளிக் கிடந்தான். அம்மே, அம்மே என்று சிங்களத்தில் கத்தினான். மற்றவர்கள் சும்மா விட்டிருப்பார்கள், அல்லது இன்னொரு வெடி வைத்திருப்பார்கள். இவர் துவக்கைக் கீழே வைத்தார். சேர்ட்டைக் கழற்றினார்.

“எங்கை போறியள்? பைத்தியமே உங்களுக்கு?”

“நான் விழுத்தினது.”

போனார். சேர்ட்டால் தொடையைக் கட்டினார். கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினார். முதுகில் அவனோடு ஐந்தாறு அடி வந்தார். வெடி விழுந்தது. எந்தப் பக்கத்தால் வந்தது என்று மன்னார்க்காரருக்குத் தெரியாது. முதுகில் ஆள் இருக்க, முகம் குப்புற விழுந்தார். அந்த ஆமிக்காரனின் கை கடைசிவரை அவர் கழுத்தில் இருந்ததாம்.

இதைக் கேட்டபோது என் விரல் சூடாகியது.

செயலாளர் இரண்டாம் முறை என்னிடம் வரவில்லை. மருமகளிடம் போனார். அவள் கேட்டாள், படத்தை உறையில் ஒட்டிச் செயலாளருக்கு அனுப்பினேன். லா சப்பலில் படக் கடைகள் இருக்கின்றன. செத்தவர்களுக்கு உடுப்பு மாற்றித் தருவார்கள். ஊரில் சாரம் கட்டி நின்றவருக்கும் மரண அறிவித்தலில் கோட்டும் டையும் வந்துவிடும். தலையை வெட்டி ஒட்டுவது. இவருக்கும் வெட்டி ஒட்டினார்கள். இயக்கத்தின் வரிச் சீருடை. நெற்றி இரத்தத்தை அழித்திருந்தார்கள்.

நோட்டீஸ் கடைக் கண்ணாடிகளில் வந்தது. நான் வேலைக்குப் போகும்போது பார்த்தேன். மருமகள் அதற்கு முன்னால் நின்றாள்.

“அங்கிள், இஞ்சை வாங்கோ. மாமான்ரை கழுத்திலை என்ன இது?”

சீருடைக் கொலருக்கு மேலே, கழுத்தில் நாலு விரல். அழிக்கப் பார்த்து, அழித்தால் கழுத்தும் போகும் என்று விட்டிருக்கிறார்கள். நடுவிரலில் நகம் பாதி.

நான் என் கையைக் காட்டினேன். பாரிசுக்கு வந்த புதிதில் இறைச்சி வெட்டும் மெஷினில் பாதி போன நகம்.

“என்ரை” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே எல்லாம் சொன்னேன். சத்தியத்தை முறித்தேன். நான் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றுதான்.

“அப்ப என்னைத் திட்டேல்லை.”

“இல்லை. அந்தாளுக்கு அதுக்கு நேரமே இல்லை.”

அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்தாள். “ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போட்டியிலை மைக்கிலை இதைச் சொல்லுங்கோ.”

“எனக்குப் பேச்சு வராது.”

“அப்ப நான் சொல்லட்டோ?”

ஓம் என்றேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அதே பொபினி மைதானம். நல்ல சனம். செயலாளர் முதலில் பேசினார், கடைசித் தோட்டாவரை சுட்டுச் செத்தவர் என்றார். கைதட்டினார்கள். பிறகு குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை என்று மருமகளைக் கூப்பிட்டார். அவள் நடு வட்டத்தில் நின்று சொன்னாள். ஆமிக்காரன் என்ற சொல் வந்ததும் சத்தம் கிளம்பியது.

“பொய்!”

“எடியே, மைக்கைக் குடுத்திட்டு இறங்கு!”

“கூலியின்ரை மருமகளும் கூலிதான்! ஆர் காசு தந்தவை?”

செயலாளர் வயரைப் பிடுங்கினார். அவள் மைக்கைப் புல்லில் போட்டுவிட்டு வெறும் தொண்டையால் சொன்னாள். “மாமா சுட்டவர். சுட்டுப்போட்டு அவரே போய்த் தூக்கினவர். தூக்கேக்கைதான் செத்தவர்.”

போத்தல் வந்தது. புருவத்தில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் முழங்காலில் விழுந்தாள். கண் ஒன்று இரத்தத்தில் மூடிவிட்டது.

நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். செயலாளர் தண்ணீர்ப் போத்தலோடு எனக்கு முன்னால் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். என்னையும் கை காட்டி நிற்பாட்டினாள்.

“தொடாதையுங்கோ. எறிஞ்சவர் வரட்டும். விழுத்தினவர் தூக்கவேணும்.”

அப்படியே இருந்துவிட்டாள். மைதானத்தின் வெள்ளைக் கோட்டில் இரத்தம் சொட்டியது. இரண்டு அணியும் நின்றது. நடுவர் பிரெஞ்சுக்காரர். மணிக்கூட்டைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சனம் ஆளை ஆள் பார்த்தது. கத்தியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

அங்கால் கரையிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். அவரை எனக்குத் தெரியும், லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளை அதே சண்டையில் கொடுத்தவர். அவருடைய பேரையும் எழுதவில்லை.

அவளுக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து அவளை இடுப்பில் பிடித்தார். தூக்க வரவில்லை.

“இடுப்பிலை வேண்டாம் அண்ணை, ஆள் மடியும்” என்றேன். “கக்கத்துக்குள்ளை கை குடுங்கோ.”

கொடுத்தார்.